மாமியாரின் பழைய புடவையில் ஆரம்பியுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. கரூரில் இருக்கிறேன். இரண்டாவது குழந்தை, இப்போது ஆறாம் மாதம், ஏப்ரல் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூத்தவளுக்கு நாலு வயது. அவள் பிறப்பதற்கு முன்னால் துணி வாங்கக் கூடாது, தைக்கவும் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டதால், ஆஸ்பத்திரி பக்கத்துக் கடையில் அவசரத்துக்கு எடுத்ததுதான் எல்லாம். இந்த முறையாவது என் கையால் செய்ய வேண்டும் என்று ஆசை. மிதி மெஷின் இருக்கிறது, பிளவுஸ் வரை தைப்பேன். வீடியோ பார்த்துப் பின்னவும் பழகுகிறேன். நாலு ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ் பின்ன உல்லன் நூல் வாங்கிவிட்டேன். முதல் ஜோடி சாக்ஸில் ஒன்று பொம்மைக்குப் போடுகிற அளவிலும் இன்னொன்று மூத்தவளுக்கே சேருகிற அளவிலும் வந்தது. மாமியார் இப்போதும் வேண்டாம் என்கிறார். போதாததற்கு மூத்தவள் நூல்கண்டைக் குளியலறை வாளியில் முக்கிவிட்டாள். அவளுடைய பழைய துணி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, ஆனால் இரண்டாவது என்பதற்காகப் பழசையே போடுவதா என்று மனசு கேட்கவில்லை. எதை, எத்தனை, எப்படித் தைக்கட்டும்?

பதில்: நூல்கண்டு வாளிக்குள் போன இடத்தில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மூத்தவள் கத்தரிக்கோலையே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டவள். உங்கள் மூத்தவள் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த நூல். காசு போட்டு வாங்கிவிட்டீர்கள், ஆகவே அதைத்தான் முதலில் எடுத்து உட்காருவீர்கள், அதனால் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் பிறக்கிற குழந்தை நேராகக் கத்திரி வெயிலுக்குள் வருகிறது. மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை அக்கினி நட்சத்திரம். கோடையில் கரூர் பரமத்தி என்ற பெயரே செய்தியில் வெயில் கணக்கோடு சேர்ந்துதான் வரும், அதுவும் 40 டிகிரிக்கு மேல். பச்சைக் குழந்தைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது, ரொம்பக் குளிர்ந்தாலும் ஆபத்து, ரொம்பச் சூடானாலும் ஆபத்து. அதோடு நம் ஊர்க் கடையில் உல்லன் என்று உருண்டை உருண்டையாக விற்பதில் பெரும்பாலானது ஆட்டு ரோமமே கிடையாது, அக்ரிலிக். வேர்வையை உறிஞ்சாது. கரூர் வீட்டில் மே மாதம் அதைப் போட்டுவிட்டால் அரைமணி நேரத்தில் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குருவாக நிற்கும்.

பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் தொப்பியும் சாக்ஸும் கேட்பார்கள்தான். அதற்குப் பனியன் துணியில் இரண்டு தொப்பி, இரண்டு ஜோடி சாக்ஸ் போதும். வீட்டுக்கு வந்தபின் தூங்கும்போது தொப்பி வேண்டுமா என்பதைக் குழந்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த வெயிலில் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

நூலை வீணாக்க வேண்டாம். நம் பக்கம் குளிர் என்று ஒன்று வந்தால் மார்கழியில் வரும், அப்போது குழந்தைக்கு எட்டு மாதம் நெருங்கியிருக்கும். எனவே எட்டு மாத அளவுக்கு, ஒரே ஒரு ஸ்வெட்டர் பின்னுங்கள். முழுச்சுற்று 22 அங்குலம், முன்னால் திறக்கிற மாதிரி. தலை வழியாக மாட்டுகிற மாடல் வேண்டவே வேண்டாம். ஆறாம் மாதத்திலேயே குழந்தையின் தலைச்சுற்று 42, 43 செ.மீ. வந்துவிடும், பழகாத கையில் கழுத்து இறுகிப்போய்விட்டால் மாட்டும்போது வீடே அலறும்.

சாக்ஸ் இரண்டு அளவில் வந்ததைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை, பழகுகிற எல்லோருக்கும் வரும். முதல் சாக்ஸில் கண்ணி நழுவிவிடுமோ என்று பயந்து இறுக்கியிருப்பீர்கள், இரண்டாவதில் கை தளர்ந்திருக்கும். ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் என்றால், இரண்டுக்கும் ஒரே ஊசியைத்தான் எடுத்தீர்களா என்று பாருங்கள். நம் கடையில் கிடைக்கிற பின்னல் ஊசியில் பழைய பிரிட்டிஷ் நம்பர், 10 நம்பர் என்றால் 3.25 மி.மீ., நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க வீடியோவில் 10 என்று சொன்னால் அது 6 மி.மீ., அங்கே நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். ஒரே நம்பரைச் சொல்லி இரண்டு ஊசி. ஆகவே நம்பரை விட்டுவிட்டு மி.மீட்டரைப் பாருங்கள்.

ஸ்வெட்டர் தொடங்கும் முன் அதே நூலில், அதே ஊசியில், ஐந்தங்குலச் சதுரம் ஒன்று பின்னி, நனைத்துக் காயவைத்து, நடுவில் நாலு அங்குலத்துக்குள் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். 28 வந்தால் அங்குலத்துக்கு 7, பின்பக்கம் 11 அங்குலம் வேண்டும், 77 கண்ணி போட வேண்டும். உங்கள் கைக்கு 24 வந்தால் 66 போதும். வீடியோவில் சொல்கிற எண்ணிக்கை அந்த அம்மாவின் கைக்கு, உங்கள் கைக்கு இல்லை. இந்தச் சதுரத்தைப் பின்னச் சோம்பல்பட்டு, இருபது நாள் வேலையைப் பிரித்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

இனி மாமியார் விஷயம்.

பிறக்கும் முன் துணி தைக்காதே என்ற பேச்சு உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, பல வீடுகளில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து வைத்துவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெண்களைப் பார்த்த தலைமுறை அது. பெட்டியில் மடித்து வைத்த சின்னச் சட்டையை அப்புறம் யார் எடுத்து யாருக்குக் கொடுப்பது? அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வராது, நீங்களும் இதற்காக அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், ஆறாம் மாதத்தில் அது தேவையில்லாத வேலை.

ஆனால் அதே பெரியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள், கவனித்திருப்பீர்கள்: குழந்தைக்கு முதன்முதலில் பழைய துணியைத்தான் போட வேண்டும். தாத்தா வேட்டி, பாட்டி நூல் புடவை, நன்றாக வாழ்ந்தவர்கள் கட்டியது. தையல்காரியாக இதை நான் இரண்டு கையும் தூக்கி ஆமோதிப்பேன். நூறு தடவை துவைத்த பருத்தியில் கஞ்சி இருக்காது, பினிஷிங் மருந்து இருக்காது, சாயம் போக வேண்டியது எப்போதோ போயிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். அந்த மிருதுவில் புதுத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது, நீங்கள் துணிக்குப் பேர்போன கரூரில் இருந்தாலும் சரி.

ஆகவே நேராக அவரிடமே போய், "அத்தை, உங்கள் பழைய நூல் புடவை ஒன்று கொடுங்கள், குழந்தைக்கு ஆகும்" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரே பீரோவைத் திறந்து, இது உன் வீட்டுக்காரன் பிறந்தபோது கட்டியது என்று ஒன்றை எடுத்துப் போட வாய்ப்பு அதிகம். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை என்றால் ஒரு சமரசம் இருக்கிறது, என் மாணவிகள் இரண்டு பேர் வீட்டில் நடந்தது: வெட்டித் தைத்து, நாடா மட்டும் வைக்காமல் விட்டுவிடுவது. முடிக்காத சட்டை சட்டைக் கணக்கில் சேராது. பிறந்த அன்று பாட்டியே உட்கார்ந்து கைத்தையலில் நாடாவை வைத்துத் தரட்டும், ஒன்றுக்கு ஐந்து நிமிடம்.

புடவையைத் தேர்ந்தெடுக்கும்போது ஜரிகை வேண்டாம், பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், கண்டாங்கி மாதிரித் தடிமனும் வேண்டாம். பழைய சுங்குடி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஜன்னல் பக்கம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், சல்லடை மாதிரித் தெரிகிற இடம் இற்றுப்போனது. இரண்டு கையாலும் லேசாக இழுத்தால் சர்ரென்று வந்துவிடும், அது கரித்துணிக்கு. கொசுவம் விழுந்த பகுதியும் ஓரமும்தான் முதலில் இற்றுப்போகும். ஐந்தரை மீட்டரில் இதையெல்லாம் கழித்தாலும் மூன்று மீட்டர் தேறும்.

வெட்டு இப்படி. ஜப்லாவுக்கு, அதாவது கைக்குழந்தைக்குப் போடுகிற சின்னச் சட்டைக்கு, முழுச்சுற்று 20 அங்குலம், உயரம் 11. பின்பக்கம் ஒரே துண்டு, அகலம் 10. முன்பக்கம் இரண்டு துண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறிக்கொள்ள வேண்டும், ஒவ்வொன்றும் 8. தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டால் மூன்றும் சேர்த்து 29 அங்குலம், புடவை அகலத்தில் தாராளமாக அடங்கி ஓரத்தில் நாடாவுக்கும் துண்டு மிஞ்சும். உயரத்துக்கு 12 அங்குலம் போகும். கை வைக்க வேண்டாம், வெயில். கை வளைவு நாலரை அங்குல ஆழம், இதில் கஞ்சத்தனம் கூடாது, குழந்தையின் கையை மடக்கி உள்ளே விடுவது நீங்கள்தான். முன்துண்டின் கழுத்தை வட்டமாக வெட்டாமல் தோளிலிருந்து இடுப்பு நோக்கிச் சாய்வாக இறக்குங்கள். முன்னால் திறக்கிற மாதிரி ஏன் என்றால், தலை நிற்காத குழந்தைக்குக் கழுத்து வழியாக எதையும் மாட்டக் கூடாது, தொப்புள்கொடி விழுகிற வரை, அது ஒரு வாரம் இரண்டு வாரம் ஆகும், அந்த இடத்தில் எதுவும் உரசவும் கூடாது. விரித்த ஜப்லாவில் குழந்தையைக் கிடத்திப் பக்கத்தில் முடிந்துவிட்டால் வேலை முடிந்தது.

தோளையும் பக்கத்தையும் மூட்டும்போது பிசிர் வெளிப்பக்கம் வரட்டும். பார்க்க அழகில்லைதான், குழந்தை கண்ணாடி பார்க்கப் போவதில்லை. உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் பிரெஞ்சுத் தையல் போட்டுப் பிசிரை உள்ளே அடக்கிவிடுங்கள், ஆனால் மெல்லிசாக. லேஸ், மணி, நைலான் நூல் மூன்றும் கிட்டவே வரக் கூடாது. நாடா ஆறு அங்குலம், பக்கவாட்டில் மட்டும். கழுத்தில் நாடா வைக்காதீர்கள், தொப்பிக்குத் தாடையில் கட்டுகிற கயிறும் வேண்டாம். ஐரோப்பாவுக்குப் போகிற சின்னக் குழந்தைத் துணியில் கழுத்துப் பக்கம் கயிறே இருக்கக் கூடாது என்று ஈஎன் 14682 என்று ஒரு விதி இருக்கிறது, திருப்பூரில் பேபி வேர் தைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கப்பலேறிப் போகிற சட்டைக்கு அவ்வளவு கவனம், நம் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் கழுத்தில் ரிப்பன்.

எத்தனை என்று கேட்டீர்கள். ஆறு ஜப்லா. அதற்கு மேல் தைக்காதீர்கள். பேர் வைக்கிற அன்றைக்குத் தாய்மாமன் முதல் பக்கத்து வீடு வரை எல்லோரும் துணிதான் கொண்டு வருவார்கள், அத்தனையும் பிறந்த குழந்தை அளவில் வரும், பாதியைப் பிரிக்கும் முன்பே குழந்தை வளர்ந்துவிடும். தைக்கிற கை ஊறினால் ஆறு மாதத்துக்கு மேல் போடுகிற அளவில் தையுங்கள், அதை யாரும் கொண்டு வர மாட்டார்கள். மூத்திரத் துணிதான் நிறைய வேண்டும், குறைந்தது இரண்டு டஜன். நாலு முழ வேட்டி ஒன்றில் 24 அங்குலச் சதுரம் ஆறு வரும், ஓரத்தை ஒற்றையாக மடித்து அடித்தால் போதும். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் விடாதீர்கள், துணி ஈரத்தை உறிஞ்சாது.

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம். வகுப்பு ஆரம்பிக்கும் முன் சில வருஷம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்தேன், குழந்தைத் துணி. ஒரு நாள் காலை என் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த மேல் துண்டு கையில் இருக்கிறது, நுனியைக் காணோம். அங்கே சட்டம் என்னவென்றால், எல்லாத் துண்டும் கிடைத்து, ரிஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி தருவார்கள். நானும் இரண்டு ஹெல்பர் பெண்களும் தரையில் முட்டி போட்டுக் காந்தத்தை வைத்துத் துழாவினோம். அரிசியில் பாதி இருக்கும் அந்த நுனி, கடைசியில் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கழுத்து மடிப்புக்குள்ளேயே இருந்தது. கை வைத்துத் தடவியபோது தெரியவில்லை, மடித்துப் பிழிந்தபோதுதான் குத்தியது. வீட்டில் நமக்கு மெட்டல் டிடெக்டர் கிடையாது. அதனால் உட்காரும்போது குண்டூசியை எண்ணி எடுங்கள், எழும்போது எண்ணி வையுங்கள், பக்கத்தில் ஒரு காந்தம் இருக்கட்டும். ஊசி உடைந்து நுனி கிடைக்கவில்லை என்றால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

சாக்ஸ், கையுறை இவற்றை உள்பக்கம் திருப்பி நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் ஒட்ட நறுக்க வேண்டும். தனி நூல் ஒன்று குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் நீலமாகும், உறைக்குள் இருப்பதால் நமக்குத் தெரியாது, குழந்தை ஏன் அழுகிறது என்று வயிற்றுவலி மருந்தைத் தேடிக்கொண்டிருப்போம். பின்னலில் ஓட்டை ஓட்டையாக வருகிற டிசைனும் அதே காரணத்துக்காகக் கைக்குழந்தைக்கு வேண்டாம்.

பெரியவளின் பெட்டியைத் திறந்தவுடன் முதலில் மோந்து பாருங்கள். அந்துருண்டை, உங்கள் பக்கம் பாச்சா உருண்டை என்பீர்கள், அது போட்டு வைத்திருந்தால் அந்தத் துணியைக் கைக்குழந்தைக்கு எடுக்காதீர்கள். அதில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக இருக்கிற குழந்தைக்கு அது பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம், அந்தக் குறைபாடு இருப்பது வெளியே பார்த்தால் தெரியாது. உருண்டை போடாத துணி என்றால் எலாஸ்டிக் விறைத்ததையும் பிரஸ் பட்டன் துருப்பிடித்ததையும் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சுடுதண்ணீரில் அலசி நல்ல வெயிலில் போட்டு எடுங்கள்.

பழசையே போடுவதா என்ற உறுத்தலுக்கு நான் என்ன சொல்ல. பழசு மட்டம் என்பது கடைக்காரர் சொல்கிற கணக்கு. உங்கள் மூத்தவள் அக்கா ஆகப்போகிறாள், அவள் தவழ்ந்த சட்டையில் தங்கையோ தம்பியோ தவழ்ந்தால் அதில் குறை எங்கே வந்தது? புதுசு ஒன்று வேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது நீங்கள் பின்னுகிற மார்கழி ஸ்வெட்டர்.

வாளிக்கு வருவோம். நாலு வயதுக் குழந்தைக்கு வயிற்றுக்குள் இருப்பது தெரியாது, அம்மா தன்னைப் பார்க்காமல் நூலையே பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். பெட்டியைப் பிரித்து வைக்கும்போது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்க முடியாது என்று அவளே சொல்லட்டும், அவள் கொடுக்க மாட்டேன் என்கிற ஒரு கவுனைப் பறிக்காதீர்கள். புடவையில் மிஞ்சுகிற துண்டில் அவளுக்கு ஒரு பாவாடை அடித்துக் கொடுங்கள். அதுவும் ஜப்லாவுக்கு முன்னால். பட்டன் டப்பாவை மட்டும் விளையாடக் கொடுத்துப் பழக்காதீர்கள், நாளைக்குத் தவழ்கிறது வாயில் போடும்.

மிதி மெஷினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மிதிக்கலாமா என்பதை அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், முடிந்தால் மோட்டார் மாட்டிவிடுங்கள். எதுவானாலும் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், கால் தொங்கிக்கொண்டே இருந்தால் வீங்கும். தரையில் குனிந்து துணி வெட்டாதீர்கள், கட்டிலிலோ டேபிளிலோ விரியுங்கள். அடிவயிறு இழுத்துப் பிடித்தாலோ, ரத்தம் பட்டாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கித் தலை வலித்தாலோ, தைத்தவரை போதும் என்று அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆறு ஜப்லாவை நாளுக்கு ஒன்றாகத் தைத்தாலும் ஒரு வாரத்தில் முடியும், எட்டாம் மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

அந்த இரண்டு சாக்ஸையும் பிரிக்க வேண்டாம். பெரிது மூத்தவளுக்கே சேரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சின்னதை அவளுடைய பொம்மைக்கு மாட்டிவிடச் சொல்லிக் கொடுங்கள். ஆளுக்கு ஒன்றுதான், மற்றக் காலுக்கு எங்கே என்று கட்டாயம் கேட்பாள். மிச்சத்தைப் பின்னப் பழகுவதற்கு அது போதும்.